கடைசியாகச் சேர்ந்திருந்த இடம்

என் தங்கைக்குக் கல்யாணம் அக்கரையில் நடந்தது. சிலோனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னாரில் இறங்கலாம். மதுரைக்குப் போவதைவிட அது தூரம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அய்யா கண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அம்மாவும் தங்கையும் அவரோடு இருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் உச்சிப்புளியில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டேன். வெட்டிய காயை மண்டபத்துக்கு மாட்டு வண்டியிலும் பாம்பனுக்கு ரயிலிலும் கொண்டு போய்ப் போடுவேன். கல்யாணம் நடந்தது வெள்ளைக்காரன் போன சமயம். மாப்பிள்ளையும் எங்கள் ஆட்கள்தான். சிக்கல் பக்கத்திலிருந்து தகப்பனார் காலத்திலேயே போய் அங்கே கடை வைத்தவர்கள். அந்த ஊர் முருகன் கோயிலில் தாலி கட்டினார்கள். தாய்மாமனும் நானும் கப்பலில் போய், உடனிருந்து நடத்தி வைத்துவிட்டு வந்தோம்.

சில வருஷத்தில் அய்யா அங்கேயே இறந்தார். அம்மா என்னிடம் வந்து கொஞ்ச காலம் இருந்து அவளும் போய்ச் சேர்ந்தாள். அம்மாவின் காரியத்துக்குத் தங்கை தனியாகத்தான் வந்தாள். மாப்பிள்ளை பிறகு மதுரைக்குச் சரக்கு வாங்க வந்தவர், வீட்டுக்கு வந்து துக்கம் கேட்கவில்லை. "கேம்புக்கு நேரா வந்துடுறேன், அவளை அங்கன கொண்டாந்து விட்டுருங்க" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

அக்கரைக்குப் போகிறவர்கள் அப்போது மண்டபம் கேம்பில் சில நாள் தங்கியாக வேண்டும். காலராவும் அம்மையும் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று சிலோன் சர்க்கார் அங்கே கம்பி வேலி போட்டுக் கொட்டகைகள் கட்டி வைத்திருந்தது. டாக்டர்களும் காவல்காரர்களும் அந்தச் சர்க்காரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். துணிமணிகளை வாங்கி ஆவியில் அவித்துக் கொடுப்பார்கள். பிறகு அங்கிருந்தே ரயிலில் ஏற்றி நேரே கப்பலுக்குக் கொண்டு போவார்கள். அதனால் ஒருவர் கேம்புக்குள் நுழைந்துவிட்டால் அவர் அக்கரைக்குப் போய்விட்டார் என்பதுதான் எங்கள் ஊர்ப் பேச்சு. "உங்க சித்தப்பா எங்க?" என்றால் "சிலோனுக்குப் போயிட்டாக" என்பார்கள். சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

தங்கையை டிரங்குப் பெட்டியோடு வண்டியில் கொண்டு போய்க் கேட்டில் விட்டேன். மாப்பிள்ளை உள்ளேயிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். நான் காய் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். தோப்பில் காய் உரித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தங்கை வந்து நின்றாள்.

"என்னத்தா, கப்பல் ஓடலையா?"

"கப்பல் ஓடுது. அவுக போயிட்டாக. நான் போகல."

கேம்பில் அவர்கள் இருந்த கொட்டகைக்கு அவர்கள் ஊர்க்காரி ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறாள். அவள் மாப்பிள்ளையைப் பார்த்து, "சின்னவளுக்கு ஆம்பளப் பிள்ளையாமே, தாயும் பிள்ளையும் சொகமா?" என்று கேட்டிருக்கிறாள். தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாளாம். "ஆமா, பக்கத்து டவுன்ல தாலி கட்டி வச்சிருக்கேன். உனக்கும் ஒரு குறையும் வைக்கலையே" என்றாராம், மழை பெய்ததைச் சொல்வதுபோல. மறுநாள் ரயிலில் ஏற்ற வந்தபோது இவள் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை.

இதையெல்லாம் என் மனைவியிடம்தான் சொன்னாள். என்னிடம் சொன்னது தோப்பில் வந்து நின்று சொன்ன அவ்வளவுதான்.

அதன்பிறகு பாஸ்போர்ட், விசா என்று ஒவ்வொன்றாக வந்தது. அவளுக்கு அங்கே போய் வர இருந்த உரிமை காலாவதியாகிவிட்டது. மாப்பிள்ளை கூப்பிடவும் இல்லை, இவள் போகிறேன் என்று சொல்லவும் இல்லை. கழுத்தில் அவர் கட்டிய தாலி மட்டும் கிடந்தது. வீட்டில் எந்த வேலையும் பாக்கி வைக்க மாட்டாள். பெருக்கிய வாசலையே திரும்பப் பெருக்குவாள். மத்தியானத்தில் எல்லோரும் படுத்திருக்க, தோப்புக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பாள். அவள் நடப்பதைப் பார்த்தால் எனக்கும் படுக்கை கொள்ளாது. நானும் எழுந்து எதையாவது தூக்கி இடம் மாற்றி வைப்பேன்.

பாம்பன் ஸ்டேஷன் பக்கத்தில் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். எங்கள் ஆட்கள்தான், மனைவியை இழந்தவர். நான் காய் போடுகிற இடம் என்பதால் பழக்கம். அவர் தங்கையைக் கேட்டு ஆள் விட்டார். தங்கை சம்மதம் என்று என் மனைவியிடம் சொன்னாள். ஆனால் முதல் கட்டு அறுபடாமல் இரண்டாவது கட்ட முடியாதே. எங்கள் ஓட்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் ஆட்களிடம் தீர்த்துவிடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்கூட்டத்தில் கட்டினவன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் பெண்ணின் அண்ணன் தம்பி கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் முடிந்தது. இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். தாய்மாமாதான் மாப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பினார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அதனால் எதற்கும் மாமாதான் முன்னே நிற்பார்.

மாப்பிள்ளை மறுக்கவில்லை. ஆனால் வர முடியாது என்றார். அங்கே பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தாராம், இந்த நேரம் தீவை விட்டு வெளியே கால் வைத்தால் மனு போய்விடுமாம். வருவதற்குப் பதிலாகத் துரும்பை மட்டும் கொடுத்துவிட்டார். கப்பலில் சரக்கு கொண்டு போய் வருகிற மரைக்காயர் ஒருவர் அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார்.

"தனுஷ்கோடியில சுங்கத்துக்காரன் பிரிச்சுப் பாத்துட்டு, இது என்ன விதையா மருந்தான்னு கேட்டான்" என்றார் மரைக்காயர். "ஒரு குடும்பத்தோட தலாக்குய்யான்னு சொன்னேன். பைத்தியக்காரன்னு நெனச்சு விட்டுட்டான். அல்லா மன்னிக்கணும், இப்படி ஒண்ணை என் கையால தூக்கியாந்தேனே."

அதை எடுத்துக்கொண்டு மாமாவும் நானும், எங்கள் ஆட்களின் கூட்டம் கூடுகிற சிக்கலுக்குப் போனோம். கூட்டத்தில் ஊர்த் தலைவரான அம்பலகாரர் காகிதத்தைப் பிரித்தார். துரும்பை எடுத்து மோந்து பார்த்தார்.

"இதுல நெல்லு வாசமே இல்லையேப்பா."

"தேயிலை வெளையிற ஊருல வைக்கோலுக்கு அவன் எங்கன போவான்?" என்றார் மாமா. "கண்ணாடிச் சாமான் ஒடையாம பெட்டியில புல்லு வச்சு வருமுல்ல, அதுல ஒண்ணை உருவியிருப்பான்."

"சரி, துரும்பு எதுவா இருந்தாலும் இருக்கட்டும். கைக்குக் கை மாறணும்ல? நாளைக்கு அவன் வந்து, நான் எப்ப கொடுத்தேன்னு நின்னா? மரைக்காயர் பொட்டலத்தையா சாட்சிக்குக் கூப்பிடுவ?"

"அவன் வர முடியாதுங்கிறேனே."

"அப்ப அண்ணங்காரனை அனுப்பு. போயி வாங்கியாரட்டும்."

"இவனுக்கு விசா தர மாட்டேங்கிறான்."

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு தோணியில வந்து நடுக்கடல்ல நின்னு கொடுத்து வாங்கச் சொல்லு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். நான் எழுந்து வெளியே வந்து, அந்த வெயிலில் கண்மாய்க் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மாமா வந்து, "ஏலே, செருப்பு எங்க?" என்று கேட்டபோதுதான் அதை அங்கேயே விட்டு வந்தது தெரிந்தது.

அந்தச் சமயம் கல்யாணத்துக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளலாமாம். ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். வெற்றிலைக் காவி பிடித்த பல்லோடு நன்றாகச் சிரிக்கிற மனிதர். மாமா சொன்னதை முழுதும் கேட்டுக்கொண்டார்.

"சட்டம் வாரதுக்கு முன்னாலயே அவன் ரெண்டாவது கட்டியிருக்கான். உங்க பொண்ணு பக்கம் காரணம் பலமா இருக்கு. எங்க போடுறதுங்கிறதுதான் கேள்வி. கல்யாணம் எங்க நடந்தது?"

"அக்கரையில."

"புருசனும் பொண்டாட்டியும் இப்ப எங்க இருக்காங்க?"

"அவன் அக்கரையில. இவ இங்கன."

"ரெண்டு பேரும் ஒரே எல்லைக்குள்ள இல்லேன்னா அதுவும் உதவாது. கடைசியா ரெண்டு பேரும் எங்க சேர்ந்து இருந்தாங்க?"

"அக்கரையிலதான்" என்றார் மாமா. நானும் தலையாட்டினேன்.

வக்கீல் கையை விரித்தார். "அந்த மூணுல ஒரு இடமாவது நம்ம கோர்ட்டு எல்லைக்குள்ள வரணும். வரலேன்னா இங்க போட முடியாது. சிலோன்ல போடுங்க."

"அங்கன போக அவளுக்கு விசா இல்லையேய்யா."

"ஒரு வக்கீலை வச்சு..."

"வக்கீலு சேலை கட்டிக்கிட்டுச் சாட்சிக் கூண்டுல ஏறுவாரா?"

வக்கீலுக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. திரும்பி வருகையில் நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். அவர் கொடுக்கத் தயார், இவள் வாங்கத் தயார், ஊரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிற்பதற்கு ஒரு இடம்தான் இல்லை.

மதுரையில் ஒரு பெரிய வக்கீலைப் பார்த்தோம், அதே மூன்று கேள்வி கேட்டார். மாமாவும் அதே பதில்தான் சொன்னார். கொழும்பிலிருந்த ஒரு வக்கீலுக்குத் தெரிந்தவர் மூலம் கேட்டோம், பெண் நேரில் வர வேண்டும் என்று பதில் வந்தது. விசா கேட்டோம். புருஷன் கூப்பிட்டால் கிடைக்கும் என்றார்கள். புருஷனைத் தீர்ப்பதற்குப் புருஷனே கூப்பிட வேண்டும்! இந்த அலைச்சலில் எனக்குக் காய் வெட்டுகிற நாள் தவறியது, போடுகிற இடம் தவறியது. தோப்பில் இருந்தால் ராமநாதபுரம் போக வேண்டும்போல் இருக்கும். அங்கே போனால், வீட்டில் அவள் என்ன செய்கிறாளோ என்று இருக்கும்.

டீக்கடைக்காரர் ஒரு நாள் எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தார். "எனக்கு அவசரமில்லண்ணே" என்றார். "ஆனா எங்க ஆத்தா பொறுக்க மாட்டேங்குது. முதுகுளத்தூர்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கு. தைக்குள்ள முடிக்கணும்னு நிக்குது."

"நீங்க என்ன சொன்னீக?" என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஆத்தாகிட்ட என்னத்தச் சொல்றது? கடையில கூட்டம்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

அதை வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன். அடுப்படியில் இருந்த தங்கை வெளியே வந்தாள்.

"நீங்க ரெண்டு ஆம்பளைகளும் போயி அந்த வக்கீல்கிட்ட என்னதான் பேசிட்டு வாரீக? அடுத்த தடவை நானும் வாரேன்."

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "கோர்ட்டு கச்சேரிக்குப் பொம்பளைய எதுக்குலே கூட்டிட்டு வந்த?" என்று வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ராமநாதபுரம் வக்கீல் வீட்டில் எங்களை உள்ளே உட்கார வைத்தார்கள். தங்கை கதவு ஓரத்திலேயே நின்றுகொண்டாள். சிலோன்காரர்கள் எழுதியதை மாமா சொன்னார். வக்கீல் சலிப்போடு பழையதையே திருப்பினார். கல்யாணம் அங்கே, மாப்பிள்ளை அங்கே, கடைசியாகச் சேர்ந்திருந்ததும் அங்கே, நான் என்ன செய்ய முடியும் என்றார்.

"அங்கன இல்லீங்க" என்றாள் தங்கை. "கடைசியா மண்டபத்துல."

வக்கீல் நிமிர்ந்தார். "எந்த மண்டபம்?"

"ரயில் நிக்கிற மண்டபந்தாங்க. கேம்புல ஒரு வாரம் சேர்ந்து இருந்தோம். அங்கனதான் பிரிஞ்சோம்."

"ஏ புள்ள, சும்மா இரு" என்றார் மாமா. "கேம்புக்குள்ள போயிட்டா அப்பறம் என்ன, அக்கரைதான? அய்யாவுக்குத் தெரியாததா?"

வக்கீல் மாமாவையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யோவ், மண்டபம் எந்த ஜில்லாவுல இருக்கு?"

"ராமநாதபுரம் ஜில்லாதான். ஆனா கேம்பு சிலோன் சர்க்காரோடதுங்கய்யா. உள்ள டாக்டர்லேருந்து தோட்டிவரைக்கும் அவுக ஆளு" என்றார் மாமா.

"ரயில்வே ஆபீசர் பங்களாகூட ரயில்வேயோடதுதான். அதுக்காக அது தண்டவாளத்துலயா ஓடுது? தரை நம்ம தரைய்யா! இத்தனை நாளா சிலோன் சிலோன்னு சொல்லி என்னையும் சேர்த்துச் சுத்தவிட்டீங்களே!"

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த வேலியும் கேட்டும் கண்ணில் வந்தது. காய் வண்டியோடு அதைத் தாண்டி எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அது என் காலுக்குக் கீழே இருக்கிற மண்தான் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஊரில் யாருக்குமே தோன்றியதில்லை. தங்கை ஒருத்திக்குத்தான் அது மண்டபம். அங்கே இருந்து நடந்தே வீட்டுக்கு வந்தவள் அவள்தானே.

எங்கள் ஜில்லாவின் பெரிய கோர்ட்டு அப்போது மதுரையில் இருந்தது. வழக்கை அங்கே போட்டார்கள். மாப்பிள்ளைக்கு நோட்டீஸ் போயிற்று, கொழும்புப் பத்திரிகையிலும் போட்டார்கள். அவர் வரவில்லை, எதிர்க்கவும் இல்லை. ஆனால் ஜட்ஜ் லேசில் விடவில்லை. வழியில் தங்குகிற முகாமைச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். எங்கள் வக்கீல் இங்கிலீஷில் வெகு நேரம் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, அவர் முகம் மாறுகிறதா என்று ஜட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது போய்விட்டால் வேறு இடம் கிடையாது. தை மாதமும் பக்கத்தில் இருந்தது.

தங்கையைக் கூண்டில் ஏற்றினார்கள். ஜட்ஜ் தமிழில் கேட்டார்.

"அங்கே உங்களுக்குத் தனி இடம் உண்டா?"

"கொட்டகையில ஒரு மூலைங்க. என் சேலையை மறைப்பாக் கட்டியிருந்தேன்."

"சமையல்?"

"கேம்புல போடுற சோறுதாங்க. வாங்கியாந்து நாந்தான் பரிமாறுவேன். அவுக வேட்டியை நாந்தான் தொவைச்சேன்."

"அதற்குப் பிறகு அவரோடு வேறு எங்கும் இருக்கவில்லையா?"

"இல்லீங்கய்யா. அங்கன வச்சுத்தான் எனக்கு விசயம் தெரிஞ்சது. அன்னைக்கு மட்டும் அவுகளுக்கு நான் சோறு போடல."

ஜட்ஜ் அதை எழுதிக்கொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை.

தீர்ப்பு சொல்கிற நாளில் மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். தீர்த்துவிட்டார்கள். வக்கீல் வெளியே வந்து சொன்னபோது தங்கை மரத்தடியில் நின்றிருந்தாள். "தீந்துருச்சா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அங்கேயே மறுபக்கம் திரும்பிக்கொண்டு தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் வக்கீல். "மறு கல்யாணம் பண்ண இன்னைலேருந்து ஒரு வருஷம் காத்திருக்கணும். சட்டம் அப்படி."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இம்புட்டு வருசமாக் காத்துக் கெடந்தாளே, அதை அதுல கழிச்சுக்க மாட்டாகளா?"

"கழிக்க மாட்டாங்க" என்றார் வக்கீல்.

ராமேஸ்வரம் வண்டியில் திரும்பினோம். மாமா ராமநாதபுரத்தில் இறங்கித் தன் ஊரான சிக்கலுக்குப் போய்விட்டார். தங்கை ஜன்னலோரம் இருந்தாள். நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். ஒரு வருஷம் என்றால் அந்தத் தை போய் அடுத்த தையும் வந்துவிடும். டீக்கடைக்காரர் காத்திருப்பார், அவர் ஆத்தா காத்திருக்குமா?

உச்சிப்புளி வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் தங்கை வாசலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருக்கிறாள்.

"நீங்க போங்கண்ணே. நான் பாம்பனுக்குப் போறேன்."

"வக்கீல் ஒரு வருசம்னு சொன்னாரேத்தா."

"அது கல்யாணத்துக்கு. அந்த அம்மாகூட இருந்து மாவாட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? ராத்திரி அதுக்குப் பக்கத்துலயே படுத்துக்கிறேன்."

"அது வேற பொண்ணுல்ல பாத்துக்கிட்டிருக்கு?"

"அதுக்குத்தான் போறேன். நான் கண்ணு முன்னால உக்காந்திருக்கப்ப எப்படிப் பாக்குதுன்னு பாக்குறேன்."

கார்டு விசில் ஊதினார். பிளாட்பாரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் என்ன கேட்கும், மனைவி என்ன கேட்பாள் என்பதெல்லாம் ஒன்றாக வந்தது. வண்டி நகர்ந்தது. ஒரு பெண் தனியாகப் போய் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அது வேறு, அவளை அண்ணன் கொண்டு போய் விட்டால் அது வேறு. நான் இரண்டு எட்டு ஓடிக் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டேன்.

"உங்க டிக்கெட்டு உச்சிப்புளி வரைக்குந்தானே?" என்றாள் தங்கை. அவள் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று.

"உன்னோடதும் அம்புட்டுத்தான்" என்றேன். "அந்த அம்மாகிட்ட நான் பேசுறேன்."

"நீங்களா?"

"நான்தான்."

என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வார்த்தை எது என்று மனசுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இடமிருந்தும் இரண்டு பேரும் உட்காரவில்லை. பாம்பன் வரும்வரைக்கும் வாசலில் நின்றபடியே போனோம்.